பார்க்காமல் எழுதிய நூற்று முப்பது

காலை ஏழரை மணிக்கு மாத்திரைத் தட்டோடு சுகந்தி வார்டுக்குள் நுழைந்தால், எட்டேகாலுக்குள் இருபத்து மூன்று பேருக்கும் மாத்திரை உள்ளே போயிருக்கும். கொல்லிமலையில், மலைக்காரர்கள் நாடு என்று சொல்லும் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில், மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அவள்தான் நர்ஸ். ஒன்பது வருட அனுபவம். யாருக்குச் சர்க்கரை மாத்திரை, யாருக்கு வலிப்பு மாத்திரை, யார் மாத்திரையை நாக்குக்கடியில் பதுக்கி வைத்து அப்புறம் ஜன்னல் வழியே துப்புவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் குரல் வராந்தாவில் கேட்டதுமே பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. நான்காவது கட்டிலில் சென்றாயன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்தவர். மனைவி போன பிறகு, கால் வீங்கி நடக்கச் சிரமப்பட்டதால் மகள் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

"என்னங்கய்யா, எப்பிடி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் சாமி. எனக்கென்ன கொறச்சல்?"

உதடு காய்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. சுகந்தியின் பார்வையோ அதற்குள் ஐந்தாவது கட்டிலுக்குப் போய்விட்டது. பிரஷர் மாத்திரை ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஒன்று, இரண்டையும் உள்ளங்கையில் வைத்தாள். அவர் தண்ணீர் ஊற்றி விழுங்கினார். அவள் நோட்டைத் திறந்து அவர் பெயருக்கு நேரே, பிரஷர் என்று தலைப்பிட்ட கட்டத்தில், 130/80 என்று அழகான கையெழுத்தில் எழுதினாள்.

அவள் கையில் பிரஷர் மிஷினே இல்லை என்பதை இந்த இடத்தில் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றோடு பதினோரு நாளாகிறது. ஒரு சனிக்கிழமை காலையில், மிஷின் பெட்டியைத் திறந்தபோது ரப்பர் குழாயை எலி கடித்து வைத்திருந்தது. பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தாள். காற்று நிற்கவில்லை. இல்லத்தில் இருந்த இன்னொரு மிஷினைச் சேலத்துத் தலைமை ஆபீஸ்காரர்கள் ஏதோ முகாமுக்கு என்று எடுத்துப் போய் ஒரு வருடமாகிவிட்டது. முகாம் இன்னும் முடியவில்லை போலும்! பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பதினான்கு பேருக்கும் முதலில் பிரஷர் பார்க்க வேண்டும், மேல் எண் நூற்றுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியவளும் சுகந்திதான்.

மேனேஜர் அர்த்தனாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல. போன் மணிக்குப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். நோட்டின் பக்கத்தைத் தினமும் சாயங்காலம் படம் பிடித்துச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அங்கிருந்து கேள்வி வரும்.

"ஒரு நாளைக்குத்தானுங்க சிஸ்டர்? நேத்து இருந்ததையே போட்டு உடுங்க. நம்ம ஆளுக பிரஷர் என்ன, ஒரே நாளுல மானத்துக்கா ஏறிரப் போவுது?"

முதல் நாள் எழுதும்போது அவளுக்குக் கை கூசியது. இரண்டாம் நாள் கூசவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்கே ஒரு திறமை வந்துவிட்டது. தினமும் ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வருமே என்று 128, 134, 126 என்று கூட்டியும் குறைத்தும் போட்டாள். மிஷினுக்குப் பதிலாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டாள். "எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்பது, "நல்லாருக்கேன்" என்று வந்தால் ஒரு நல்ல எண்ணைப் போடுவது. மலைக்காரர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடப்பவரும் பார்க்க வந்தவரிடம் முதலில் நல்லாருக்கேன் என்றுதான் சொல்வார். அரியூர் நாட்டில் பிறந்த சுகந்திக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததை மறந்திருப்பது அப்போதைக்கு வசதியாக இருந்தது.

ஆறாம் நாள் அவளே சேலத்துக்குப் போன் போட்டுப் புது மிஷின் கேட்டாள்.

"மிஷின் ஓடலையா?" என்று அங்கிருந்த செயலாளர் ஆச்சரியப்பட்டார். "நேத்துக்கூட பதினாலு பேருக்கும் ரீடிங் அனுப்பியிருக்கீங்களே! ஓடாத மிஷின்ல எப்படிம்மா ரீடிங் வரும்?"

சுகந்தி போனை வைத்தாள். அவள் எழுதிய பொய்யே அவளுக்கு மிஷின் வராமல் பார்த்துக்கொண்டது. நம் நாட்டில் காகிதத்துக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி மனிதனுக்குக் கிடைத்தால் போதும், பாதி ஆஸ்பத்திரியை மூடிவிடலாம்.

சென்றாயன் கதைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பாப்பாத்தி பார்க்க வந்திருந்தாள். பலாச் சீசன். வெளியிலிருந்து பழம் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் போர்டு இருக்கிறது. ஆனால் சொந்த மரத்துப் பலாவைச் சொந்த அப்பனுக்குக் கொடுக்காமல் எந்த மகளுக்கு மனசு கேட்கும்? சுளைகளைத் தூக்குவாளியில் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள். மனிதர் ஞாயிறு இரவுக்குள் வாளியைக் காலி செய்துவிட்டார். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. எத்தனை தடவை என்று எண்ண முடியாது. வார்டைக் கூட்டிப் பெருக்கும் மாதம்மாள் மட்டும் பார்த்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிராத தாயி," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா எம் மவளுக்குப் போனப் போட்டுத் திட்டுவாங்க. அப்புறம் அவ வரவே மாட்டா."

அவள் பாவப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். அவரோ வயிறு தாங்காது என்று பயந்து தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். இப்படி ஒரு நாளுக்கு மேலாக உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வடிந்து, பிரஷர் இறங்கிக்கிடந்த மனிதருக்குத்தான் செவ்வாய்க்கிழமை காலை, பிரஷரை இறக்குகிற மாத்திரையும் நீரைப் பிரிக்கிற மாத்திரையும் சேர்ந்து உள்ளே போயின.

ஒன்பது மணிக்குக் கழிவறையில் தடாலென்று சத்தம் கேட்டது. மாதம்மாளின் அலறல் கேட்டுச் சுகந்தி ஓடினாள். சென்றாயன் தரையில் கிடந்தார். கை ஜில்லென்று இருந்தது. நாடி நூலாக ஓடியது.

"அய்யா! அய்யா, கண்ணத் தொறங்க!"

அவர் உதடு மட்டும் அசைந்தது. அர்த்தனாரி ஜீப்பை எடுத்தார். பின் சீட்டில் சென்றாயனைப் படுக்க வைத்து, தலையைச் சுகந்தியும் காலை மாதம்மாளும் மடியில் வைத்துக்கொண்டார்கள். அர்த்தனாரி மறக்காமல் நோட்டையும் எடுத்துக்கொண்டார். மேனேஜர் அல்லவா, ஆதாரம் வேண்டும்.

மலைமேல் இருந்த அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அருணா பணியில் இருந்தார். முப்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக வேலை செய்வார். பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தார். எண்பதுக்கு ஐம்பது.

"காலைல பிரஷர் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சுங்க டாக்டர்," என்று அர்த்தனாரி நோட்டை நீட்டினார். "நூத்தி முப்பதுக்கு எம்பது. கரெக்டா ஏழே முக்காலுக்கு எழுதியிருக்குது, பாருங்க."

டாக்டரின் முகம் மாறியது. "ஏழே முக்காலுக்கு நல்லா இருந்தவர், ஒன்றரை மணி நேரத்துல அம்பது இறங்கியிருக்கார்னா, இது சாதாரணம் இல்ல. ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம். ஈசிஜி எடுங்க. நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க, கீழே அனுப்பணும்."

ஈசிஜியில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. அதை மட்டும் வைத்து இதயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர்.

"சலைன் போடலாமுங்களா டாக்டர்?" என்று சுகந்தி மெல்லக் கேட்டாள்.

"எப்படிப் போடறது சிஸ்டர்? ஹார்ட்டா இருந்து, நான் வேகமா சலைன் ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். காலைல நூத்தி முப்பது இருந்தவர் உடம்புல தண்ணி இல்லாமலா இருக்கும்?"

சலைன் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது. டாக்டர் கைக்கு எட்டுகிற தூரம். குறுக்கே நிற்பது அவள் எழுதிய நூற்று முப்பது. இனி ஆம்புலன்ஸ் வர வேண்டும், எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டும். அதுவரை இந்த நாடி ஓடுமா?

அவள் அர்த்தனாரியைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மாரடைப்பு என்று எழுதிவிடுவார்கள். பாப்பாத்தி அழுவாள், எடுத்துப் போவாள், நோட்டில் 130/80 பத்திரமாக இருக்கும். பேசினால் ஒன்பது வருட நல்ல பெயர் அந்த அறையிலேயே போய்விடும். வேலையும் போகலாம்.

போகட்டும் என்று முடிவு செய்ய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"டாக்டர், அந்த நூத்தி முப்பத நம்பாதீங்க. நான் பார்க்கல. சும்மா எழுதுனது."

"என்ன சொல்றீங்க?"

"மிஷின் கெட்டுப் பதினோரு நாளாச்சுங்க. யாருக்குமே பார்க்கல. இன்னிக்குக் காலைல இவருக்குப் பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. முன்னாடியே இறங்கி இருந்திருக்கலாம். அது தெரியாம பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் நான்தானுங்க குடுத்தேன்."

"சிஸ்டர்!" என்றார் அர்த்தனாரி.

"நீங்க செத்த சும்மா இருங்க சார்."

கதவோரம் நின்ற மாதம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, நானும் ஒண்ணு சொல்லோணுங்க. நேத்து விடிஞ்சதுல இருந்து இவருக்கு வவுறு போவுதுங்க. பலாப்பழம் தின்னுபோட்டு. சொல்லாதீன்னு கையப் புடிச்சாரு, நானும் பாவமேன்னு இருந்துட்டனுங்க."

டாக்டர் அருணா ஒரு நொடி இருவரையும் பார்த்தார். பிறகு குனிந்து சென்றாயனின் நாக்கைப் பார்த்தார், வறண்டு கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார், அது மடிந்தபடியே நின்றது.

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கறேன். சலைன் எடுங்க. ரெண்டு கையிலயும் ஊசி போடுங்க, சீக்கிரம்!"

ஊசியைப் போட்டது சுகந்திதான். சுருங்கிப்போன நரம்பில் முதல் குத்திலேயே இறக்கினாள். வேலை தெரியாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. வேலை தெரிந்தவள் செய்யாமல் விட்டதுதான் குற்றம்.

முதல் பாட்டில் முடிந்தபோது தொண்ணூறு. இரண்டாவது பாட்டில் பாதியானபோது நூற்று நான்கு. விரல் நுனிகளில் சூடு வந்தது. சென்றாயன் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார்.

"எம் மவளுக்குப் போன் போட்டுட்டீங்களா? அவளத் திட்டாதீங்க சாமி," என்றார்.

சுகந்தி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

டாக்டர் அருணா மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு ஈசிஜி எடுத்துப் பார்த்தார், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். பிறகு சுகந்தியை வெளியே கூப்பிட்டார். "சிஸ்டர், இன்னும் பத்து நிமிஷம் அந்த நம்பரை நான் நம்பியிருந்தா, சலைன் இல்லாமலேயே வண்டியில ஏத்தியிருப்பேன். பாதி வளைவு தாண்டியிருப்பாரான்னு சந்தேகம். உங்க நோட்டு காலியா இருந்திருந்தாக்கூட நான் சரியா யோசிச்சிருப்பேன். காலிக் கட்டம் என்னை ஏமாத்தாது."

மத்தியான பஸ்ஸில் பாப்பாத்தி வந்து இறங்கினாள். தோட்டத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள், சேலையில் மண் ஒட்டியிருந்தது. அப்பன் கஞ்சி குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சுகந்தி அவளைத் தனியாக அழைத்துப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்கிறவளாக நின்றாள்.

பாப்பாத்தி சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நெசத்தச் சொன்னீங்கன்னு உங்களக் கும்புடறதா, பொய்ய எழுதுனீங்கன்னு ஏசறதா, எனக்குத் தெரியலீங்க சிஸ்டர். போர்டப் பாத்தும் பழத்த ஒளிச்சு வச்சவ நானு, அதனால ஏசவும் வாய் வரல. ஆனா ஒண்ணு. பத்து மரத்துல மொளகு பறிக்காம, பறிச்சேன்னு சொன்னா எம் மொதலாளி மறுநாளே கண்டுபுடிச்சிருவாரு. உங்க நோட்டுல மட்டும் எப்பிடிங்க பதினோரு நாளா யாருக்குமே தெரியல?"

"நோட்டப் பாத்தாங்க. ஆளப் பாக்கலீங்க," என்றாள் சுகந்தி. "நானும்தான்."

இல்லத்துக்குத் திரும்பும்போது டாக்டரிடம் உபரியாக இருந்த மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டதும் கொடுத்துவிட்டார். இவ்வளவு பக்கத்தில் இருந்ததைப் பதினோரு நாளாகக் கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கேட்டிருந்தால் மிஷின் கெட்டது வெளியே தெரிந்திருக்கும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

ஜீப்பில் அர்த்தனாரி புலம்பிக்கொண்டே வந்தார். "எதுக்குங்க சிஸ்டர் வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க? ஆளுதான் பொழைச்சாச்சில்ல, இனி சேலத்துக்குத் தெரிய வேண்டியதில்ல. நாளையில இருந்து ஒழுங்காப் பார்த்துக்கலாம்."

சுகந்தி நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் மிஷினோடு வார்டுக்குள் போனாள். மீதிப் பதின்மூன்று பேருக்கும் ஒவ்வொருவராகச் சட்டையையும் ஸ்வெட்டரையும் சுருட்டிவிட்டுப் பிரஷர் பார்த்தாள். "நல்லாருக்கேன் கண்ணு" என்று சிரித்த மாணிக்கத்துக்கு நூற்று எழுபத்தெட்டு. அவருக்கு அன்று காலை அவள் எழுதியிருந்தது 128. ஜன்னலோரக் கட்டிலில் சென்னம்மாளுக்குத் தொண்ணூற்றாறு. அவருக்கு எழுதியிருந்தது 132. இரவு மாத்திரைத் தட்டிலிருந்து சென்னம்மாளின் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று டாக்டர் அருணாவுக்குப் போன் போட்டு, இரண்டு பேருக்கும் என்ன செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறையில் உட்கார்ந்தாள். பதினான்கு பேர், பதினோரு நாள். நூற்று ஐம்பத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொரு எண்ணின் மீதும் கோடு போட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டாள். அர்த்தனாரி முதலில் தடுத்தார், அப்புறம் கெஞ்சினார், கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டார். பதினோரு பக்கங்களையும் படம் பிடித்து, மாலை ஆறு மணிக்குச் சேலத்துக்கு அனுப்பினாள்.

ஆறு ஐந்துக்குப் போன் வந்தது. இரண்டு மாதமாக மெத்தை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே அனுப்பாத ஆபீஸ், ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டது! அர்த்தனாரி எடுக்கப் பயந்தார். சுகந்தி எடுத்தாள்.

"என்னம்மா இது?" செயலாளர் கத்தினார். "பதினோரு நாளும் பார்க்கலையா? இதை எழுதி அனுப்ப உனக்கு வெட்கமா இல்ல?"

"இருக்குதுங்க சார். அதனாலதான் எழுதுனேன்."

"இது இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டினா இல்லத்தோட பேர் என்ன ஆகும்?"

"சென்றாயன் உசுரு இன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு மொதல்ல கேளுங்க சார். எனக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா நாளைக்கு முதல் பஸ்ல ரெண்டு பிரஷர் மிஷின் ஏத்தி விடுங்க. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கோணும். இனிமே இங்க பிரஷர் பாக்காம ஒரு பிரஷர் மாத்திரையும் யாரு வாய்க்கும் போகாது. பாக்க முடியலைன்னா பாக்கலைன்னுதான் எழுதுவேன், டாக்டரக் கேப்பேன்."

"காலி கட்டமா அனுப்பினா யாரும்மா பொறுப்பு?" என்று செயலாளரின் குரல் இறங்கிக் கேட்டது.

வார்டுக் கதவருகே மாதம்மாளும் ஆயாக்கள் இருவரும் வந்து நின்றிருந்தார்கள். சுகந்தி அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"காலிக் கட்டத்துக்கு நான் பொறுப்புங்க சார். அதப் பாத்தா யாராச்சும் ஓடி வருவாங்க. பொய்யா எழுதுன கட்டத்தப் பாத்து யாரும் வர மாட்டாங்க, நோயாளி தனியாக் கெடந்து சாவாரு. நோட்டு நல்லாருந்தா போதும்னு நெனச்சுத்தான் இந்தத் தப்பு நடந்துச்சு. நாம மாத்திரை குடுக்கறது நோட்டுக்கு இல்லீங்க, மனுசனுக்கு."